பதின்மூன்றாம் புட்டி

திங்கட்கிழமை காலை ஆறே முக்கால்.
பன்னிரண்டு புட்டிகள், ஒரு ஐஸ் பெட்டி,
பின்சக்கரம் கொஞ்சம் தள்ளாடும் என் சைக்கிள்.
முந்திரிக்கு அந்தப்பக்கம் காலாப்பட்டுக் கடல்
தன் பாட்டுக்கு எதையோ சொல்லிக்கொண்டிருக்கும்.

குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிட வேண்டும்.
விதி அப்படி.
வரிசையில் நிற்கும் பிள்ளைகள்
அந்த இரண்டு நிமிடத்தை
என் சம்பளத்தில் பிடிக்கச் சொல்வார்கள்.
அவர்கள் வாளியிலேயே ஓடவிடுவேன்.

மூன்றாம் விடுதியின் புட்டி
புதன்கிழமை கறுத்திருந்தது.
அடுப்புக்கரிக் கறுப்பு,
சந்தேகத்தின் பலன் யாருக்கும் தராத கறுப்பு.
குழாயில் தண்ணீர் பளிங்காகத்தான் வந்தது.
வார்டன் ஒரு டம்ளர் குடித்துக் காட்டி
"இனிக்குதேம்மா" என்றார்.
மறுநாள் அவர் வரவில்லை.

பிளம்பர் எத்திராசு மண்வெட்டியோடு வந்தார்.
மூன்றடி செம்மண், அப்புறம் சவுக்கு வேர்,
அப்புறம்
ஒரே பள்ளத்தில் இரண்டு குழாய்கள்.
குடிக்கிறது கீழே, கழிக்கிறது மேலே.
தனிப் பள்ளம் வெட்டினால் தனிக் கூலி அல்லவா.
மேலதில் ஒரு மூட்டு விட்டிருந்தது.
மோட்டார் ஓடும்வரை கீழ்க்குழாய் திமிறி நிற்கும்;
நின்றபின் நள்ளிரவில்
வெறும் வயிற்றோடு
பக்கத்தில் கசிவதை உறிஞ்சிக்கொள்ளும்.
அதற்கும் தாகம்தானே.

குழாயை மாற்றி, குளோரின் கொட்டி,
நான்கு நாள் லாரித் தண்ணீர்.
அடுத்த புட்டி கறுக்கவில்லை.
பதிவாளர் அலுவலகம் என்னைப் பாராட்டிக் கடிதம் அனுப்பியது:
திருமதி அமலோற்பவம், தொழில்நுட்ப உதவியாளர்.
பெயரில் ஓர் எழுத்து பிழை.

கை கழுவ என் ஆய்வறைக்கு வந்தார் எத்திராசு.
கழிவுநீர் நிலையத்து ஐந்து குப்பிகளை
இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து
கணக்கு எழுதி முடித்திருந்தேன்.
வழக்கம்போல் தொட்டியில் சாய்த்தேன்.
பச்சையாய்ப் போனது.

"இது எங்கக்கா போவுது?"

சுத்திகரிப்புத் தொட்டிக்கு என்றேன்.
அவர் கையைத் துடைக்கவில்லை.
"அந்தத் தொட்டி ஃபைல்ல இருக்குக்கா.
மண்ணுல இல்ல.
இந்தப் பைப்பு நான் போட்டது.
புங்கமரத்துக்குப் பின்னால
மணல்ல வாயைத் தொறந்து நிக்குது."

ஒவ்வொரு குப்பியிலும் குரோமியம், அமிலம்,
அதோடு ஒரு சிட்டிகை பாதரச உப்பு.
உப்புநீர் கணக்கைக் கெடுக்காமல் இருக்க.
கடல் கிணறுகளுக்குள் நுழைய நுழைய
சிட்டிகையைக் கூட்டியிருந்தேன்.
வாரத்துக்கு ஐந்து. வருடத்துக்கு ஐம்பது வாரம்.
ஒன்பது வருடம்.
பெருக்கினேன்.
ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது.
அந்தக் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு
ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

ஊரார் அழுக்கை அளந்தவள்.
கேன்டீன் எண்ணெய்க்கு நோட்டீஸ் கொடுத்தவள்.
விடுதி மாடியில் செத்த புறாவுக்கு
மூன்று பக்க அறிக்கை எழுதியவள்.

இப்போது மேசைக்கடியில் கேன்கள்.
சிவப்பு மையில் தேதி, பெயர், எச்சரிக்கை.
ஏழு நிறைந்துவிட்டன.
எடுத்துப்போக யாரையாவது அனுப்புங்கள் என்று
எழுதிய கடிதங்கள் நான்கு.
பரிசீலனையில் உள்ளதாம்.

புங்கமரத்திலிருந்து நாற்பது தப்படியில் ஒரு கிணறு.
நாற்றுப்பண்ணைக்கு அதில்தான் இறைக்கிறார் கலியபெருமாள்.
வெயிலுக்கு அதிலேயே முகம் கழுவுவார்,
வாய் கொப்பளிப்பார்.
இந்தத் திங்கள் பதின்மூன்றாவதாக ஒரு புட்டி
அங்கே நிரப்பினேன்.
பாதரசத்துக்குக் கறுத்துக் காட்டும் புட்டி
என்னிடம் இல்லை;
மூடியை மெழுகால் அடைத்து
சென்னைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன்.
முடிவு வரப் பதினைந்து நாள்.

"அதுவரைக்கும் இதுல இறைக்க வேணாம்ணே."

"யாரும்மா என்னத்தக் கொட்டினாங்க?"

கயிறு அவர் கையில்.
வாளி பாதிக் கிணற்றில்.
நான் சைக்கிளை ஸ்டாண்டு போட்டேன்.